மேயோ மாவட்ட ஊர்ப்பெயர்கள்: ஆங்கில வரிவடிவமும் ஐரிஷ் மூலமும்

அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் அமைந்த மேயோ மாவட்டத்தில் பாலினா, பாலின்ரோப், பாலிஹானிஸ், பாலிகாசில் என்னும் ஊர்கள் உள்ளன. ஆங்கில எழுத்தில் இந்நான்கும் ஒரே முதற்கூற்றுடன் தொடங்குவன போலத் தோன்றும். ஐரிஷ் இடப்பெயர்கள் பற்றிய கையேடு எதனையேனும் புரட்டியவர்கள் இம்முதற்கூற்றின் பொருள் 'ஊர்' என்று அறிந்திருப்பர். அவ்வறிவு ஒன்றையே துணையாகக் கொண்டு நான்கு பெயர்களையும் 'இன்ன ஊர்' எனப் பிரித்துப் பொருள் கூறினால், இரண்டு சரியாகவும் இரண்டு பிழையாகவும் அமையும். எவை சரியானவை, எவை பிழையானவை என்பதை ஆங்கில வரிவடிவத்திலிருந்து அறிய இயலாது. தமிழில் ஐரிய இலக்கியத்தை மொழிபெயர்ப்போர் ஏறத்தாழ அனைவரும் ஆங்கில வழியாகவே அந்நாட்டை அடைகின்றனர். எனவே இச்சிக்கல் இடப்பெயராய்வாளர்க்கு மட்டும் உரியதன்று.

ஐரிஷ் சொற்கள் இங்கு அவற்றின் ஒலிப்பை ஒட்டித் தோராயமாகத் தமிழில் எழுதப்படுகின்றன. சொன்முதற் பகரத்தை ஒலிப்புடைய ஒலியாகக் கொள்க. 'ஃக' என்பது பின்னண்ணத்தில் பிறக்கும் உரசொலியைக் குறிக்கும். வட்டார வேறுபாடுகள் காட்டப்படவில்லை.

பாலெயும் பேலும்

ஐரிஷ் இடப்பெயர் அமைப்பில் பொதுக்கூறு முன்னும் சிறப்புக்கூறு பின்னும் வரும். வேலூர், கீழடி, மானாமதுரை என ஈற்றில் பொதுக்கூற்றை எதிர்பார்த்துப் பழகிய தமிழ்ச்செவிக்கு இது முதல் தடை. பாலின்ரோப் என்பதன் மூலம் 'பாலெ அன் ரோபா'. பாலெ என்பது ஊர். அன் என்பது சார்படை. ரோபா என்பது அவ்வூரின் வழியே ஓடும் ஆற்றின் பெயர். 'ரோபா ஆற்றூர்' என இதனைக் கொள்ளலாம். பாலிகாசிலின் மூலமும் பாலெ என்றே தொடங்குகிறது. 'பாலெ அன் ஃகஷில்' என்பது அதன் வடிவம். ஆனால் இங்கே வேறொரு பொறி உள்ளது. ஆங்கில வடிவத்தின் ஈற்றில் 'கோட்டை மாளிகை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் காணப்படுகிறது. ஐரிஷ் மூலத்தில் இருப்பதோ 'கஷெல்'. கல்லை அடுக்கிக் கட்டிய பழைய வட்ட அரண் என்பது அதன் பொருள். மாளிகைக்குரிய ஐரிஷ் சொல் 'கஷ்லான்' என்பதாகும்.

பாலினாவின் மூலம் 'பேல் அன் ஆஹா'. இதில் பாலெ இல்லை. பேல் என்றால் வாய்; ஆஹா என்பது ஆற்றை நடந்து கடக்கும் துறையைக் குறிக்கும் சொல்லின் ஆறாம் வேற்றுமை வடிவம். மோய் ஆற்றின் கரையிலுள்ள இவ்வூரின் பெயருக்குத் 'துறைவாய்' என்பதே பொருள். பாலிஹானிஸும் அவ்வாறே, 'பேல் ஆஹா ஹௌனிஷ்' என்பது அதன் மூலம்.

பேல், பாலெ என்னும் இரு சொற்களும் ஆங்கில வடிவில் ஒன்றானது ஏன்? ஐரிஷ் தொகைகளில் அழுத்தம் சிறப்புக்கூற்றின்மேல் விழுகிறது. அதற்கு முன்னுள்ள அசைகள் அழுத்தம் இழந்து குறுகுகின்றன. பேல் என்பதன் நெடில் குறிலாகிறது. ஆஹா என்பதிலுள்ள மூச்சொலி மறைகிறது. 'பேல் ஆஹா' என்பது 'பெல்லா' போல் ஒலிக்கத் தொடங்கிய நிலையில், ஆங்கிலம் மட்டுமே அறிந்த எழுத்தர் ஒருவர் அதனைத் தமக்குப் பழக்கமான 'பாலி' என்னும் வடிவத்தில் அடக்கிவிடுவது இயல்பு. 'பேல் ஆஹா வ்யாரி' என்னும் ஊர் இன்றும் பெல்லவேரி எனவும் பாலிவேரி எனவும் இருவகையாக எழுதப்படுகிறது. குழப்பம் எதிர்த்திசையிலும் நிகழ்ந்துள்ளது. பெல்காரா என்னும் சிற்றூரின் பெயரைக் கண்டு 'வாய்' என்று பொருள் கொள்வோர் ஏமாறுவர். அதன் மூலம் 'பாலெ ந கொரா'. மீன்பிடிப்பதற்கோ நீரைத் தேக்குவதற்கோ ஆற்றின் குறுக்கே இடும் தடுப்பையுடைய ஊர் என்பது பொருள். பெல்மலெட்டின் முதற்கூறோ உண்மையிலேயே பேல்தான்.

மூன்றாவது மூலமும் ஒன்று உண்டு. பாலகடரீன் என்பது 'ப்யலஃக் அன் டெரீன்', அதாவது சிறு கருவாலிக் காட்டு வழி. இங்குள்ள 'ப்யலஃக்' என்பதற்குப் பாதை என்று பொருள். இவ்வூர் 1898இல் மேயோவிலிருந்து ராஸ்காமன் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. ஆயினும் அவ்வூர்க் கேலிக் கால்பந்துக் கழகம் இன்றளவும் மேயோ மாவட்டப் போட்டிகளிலேயே ஆடிவருகிறது. ஆவணத்தில் வரைந்த எல்லையும் மக்கள் மனத்திலுள்ள எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டுவதில்லை என்பதனை மொழிபெயர்ப்பாளர் நினைவிற்கொள்வது நன்று.

கில்: கோயிலா, காடா?

அயர்லாந்து முழுவதும் மிகுதியாகக் காணப்படும் மற்றொரு முதற்கூறு 'கில்'. இலத்தீனத்தில் துறவியின் சிற்றறையைக் குறித்த சொல் ஐரிஷில் 'கில்' எனப் புகுந்து சிறு தேவாலயத்தைக் குறித்தது. கில்லாலா, கில்காமன் முதலியவை இவ்வகையின. ஆனால் காட்டைக் குறிக்கும் 'கைல்' என்னும் சொல்லும் ஆங்கில எழுத்தில் இதே வடிவத்தைப் பெற்றது. ஐரிஷ் மெய்யொலிகள் 'அகன்றவை', 'ஒடுங்கியவை' என இரு வரிசையாகப் பகுக்கப்படும். தேவாலயச் சொல்லின் ககரம் ஒடுங்கியது. அதாவது நா முன்னண்ணத்தை நோக்கி எழும்பப் பிறப்பது. காட்டுச் சொல்லின் ககரம் அகன்றது. இவ்வேறுபாடு ஐரிஷ் மொழியில் பொருள் வேறுபடுத்தும் ஒலியன் வேறுபாடாகும். ஆங்கில எழுத்தில் அதனைக் காட்ட வழியில்லாமையால் அது மறைந்தது.

கில்டிமாக் என்னும் ஊரின் மூலம் 'கைல்ச்செ மாஃக்'. கைல்ச்செ என்பது 'காடுகள்' எனும் பன்மை. இப்பெயரின் நடுவிலுள்ள ஒடுங்கிய தகரத்தை ஆங்கில எழுத்து டகர ஒலியாகக் காட்டுகிறது. உள்ளூர் மக்களோ ஆங்கிலம் பேசும்போதும் அவ்விடத்தில் சகர ஒலியையே ஒலிக்கின்றனர். 'அடித்தான்' என்பது 'அடிச்சான்' ஆவதை நன்கறிந்த தமிழ் மொழியியலாளர்க்கு இவ்வண்ணமாதலை விளக்க வேண்டுவதில்லை. எழுத்து இழந்துவிட்ட ஒலியன் ஒன்றை மொழியை இழந்த மக்களின் நா காத்து வைத்திருக்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. டப்ளின் நகரத்தார் நாட்டுப்புறத்தாரை ஏளனமாகக் குறிக்கும் 'கல்ச்சி' என்னும் சொல் இவ்வூர்ப்பெயரிலிருந்தே பிறந்தது என்பாரும் உளர். அது மெய்ப்பிக்கப்பட்டதன்று.

பாலினாவிலும் இத்தகைய எச்சம் ஒன்று உண்டு. உள்ளூரார் அப்பெயரின் ஈற்றசையை அழுத்தி, நீட்டி ஒலிப்பர். அந்நீட்சி 'ஆஹா' என்பதன் நெடில். ஆதலின் தமிழில் 'பாலினா' என்று எழுதுவதே பொருந்தும். 'பாலின' எனக் குறுக்கினால் எஞ்சியுள்ள ஒரே தடயமும் அழியும்.

மெய்ம்மெலிவு

ஐரிஷ் மொழியில் சொன்முதல் மெய் இலக்கணச் சூழலால் திரியும். பகரம் வகரமாகும், மகரமும் வகரமாகும், ககரம் உரசொலியாகும். தமிழ்ப் புணர்ச்சியில் வருமொழி வல்லினம் மிகுவதுடன் இதனை ஒப்பிடத் தோன்றும். இரண்டிலும் ஒலிச்சூழலோடு இலக்கணத் தொடர்பும் பங்கு பெறுகிறது. ஆயின் திசை நேர்மாறானது. தமிழில் வருமொழி முதல் வலுப்பெறுகிறது. ஐரிஷில் அது மெலிகிறது.

இதன் விளைவாக ஒரே சொல் ஆங்கில வரைபடத்தில் பல உருவங்களில் காட்சி தருகிறது. கில்லவாலா என்னும் சிற்றூரின் மூலம் 'கைல் அன் வாலெ'. 'ஊர்க்காடு' என்பது பொருள். இங்குள்ள 'வாலெ' மேலே கண்ட பாலெயேயன்றி வேறன்று. இவ்வூர் கில்லவாலி எனவும் எழுதப்படுகிறது. பாலின்ரோப்பின் முதற்கூறும் கில்லவாலாவின் ஈற்றுக்கூறும் ஒரு சொல் என்று ஆங்கில எழுத்தைக் கொண்டு எவர் கண்டறிய முடியும்? மாவட்டத்தின் பெயராகிய மேயோ, 'மை ஓ'. யூ மரங்களின் சமவெளி. காசில்பார் நகரை அடுத்த ப்ரேஃபி என்னும் ஊர்ப்பெயரிலும் இதே 'மை' உள்ளது. அது 'ஓநாய்ச் சமவெளி'. முதலில் மகரமாக நின்றது, தொகையின் ஈற்றில் மெலிந்து வகரமாகி, பின்னர் ஆங்கில வாயில் ஃபகரமாயிற்று.

சார்படையும் தன் பங்குக்குக் குழப்பம் விளைத்துள்ளது. வெஸ்ட்போர்ட் நகரை உள்ளடக்கிய பங்கின் பெயர் ஓகவல். 'புதிய துறவுக் குடியிருப்பு' எனப் பொருள்படும் 'நுவஃகங்வால்' என்பதே இதன் மூலம். சொன்முதல் நகரத்தைச் சார்படையின் நகரமாகக் கருதிப் பேசுவோர் பிரித்துவிட்டமையால் அது கழன்றது.

1838

மேற்கண்ட வடிவங்களை நிலைப்படுத்தியது 1824இல் தொடங்கிய அயர்லாந்து நில அளவை. உள்ளூர் வரிவிதிப்புக்காக நாடு முழுவதையும் ஒரு மைலுக்கு ஆறங்குலம் என்னும் அளவில் வரைந்த அப்பணிக்குத் தாமஸ் கோல்பி தலைமை ஏற்றிருந்தார். இந்திய அளவைத் துறையின் ஜார்ஜ் எவரெஸ்ட் 1829இல் அயர்லாந்து சென்று அப்பணியைப் பார்வையிட்டு, கோல்பி உருவாக்கிய அடிக்கோட்டு அளவுகோல்களை இந்தியாவிற்கும் பெற்றார் என்பது இடையே குறிக்கத்தக்கது.

வரைபடத்தில் எழுத வேண்டிய பெயர்களை உறுதிசெய்யும் பொறுப்பு ஜான் ஓடோனவன் என்னும் அறிஞருக்கு வாய்த்தது. அவர் 1838இல் மேயோவிற்கு வந்தார். ஊரிலுள்ள ஐரிஷ் பேசும் முதியோரைத் தேடி, அவர்கள் பெயரை ஒலிப்பதைக் கேட்டு, பழைய ஆண்டுக்குறிப்புகளுடனும் சுவடிகளுடனும் ஒப்பிட்டு, மூலத்தைத் துணிந்து, அதன் பின்னரே ஆங்கில வடிவத்தைப் பரிந்துரைப்பது அவர்தம் முறை. 'பெயர்ப் புத்தகங்கள்' எனப்படும் களப் பதிவேடுகளில் ஐரிஷ் வடிவமும் பதிவாயிற்று. அச்சேறிய வரைபடத்தில் ஆங்கில வடிவம் மட்டுமே இடம்பெற்றது.

பிரையன் ஃப்ரீல் இயற்றி 1980இல் முதன்முதலாக மேடையேறிய 'மொழிபெயர்ப்புகள்' என்னும் நாடகம் டோனகல் மாவட்டத்தைக் களமாகக் கொண்டது. படைவீரர் வந்து ஊர்ப்பெயர்களை ஆங்கிலமாக்கினர் என்னும் படிமத்தை உலகெங்கும் பரப்பியது அதுவே. நாடகம் என்ற அளவில் அதன் ஆற்றல் ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. பெரும்பான்மை ஆங்கில வடிவங்கள் பதினேழாம் நூற்றாண்டின் நிலப் பறிமுதல் ஆவணங்களிலேயே காணப்படுகின்றன. அளவைத்துறை அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து நிலைநிறுத்தியது. மூலத்தையும் உடன் பதிவுசெய்தது. இப்பதிவு இன்றேல் இன்று பேலையும் பாலெயையும் பல இடங்களில் பிரித்தறிய வழியிராது. ஓடோனவன் வந்து சென்ற ஏழு ஆண்டுகளில் உருளைக்கிழங்குப் பயிர் நோயும் பெரும்பஞ்சமும் வந்தன. 1841இல் 3,88,887ஆக இருந்த மேயோவின் மக்கள்தொகை 1851இல் 2,74,499ஆகக் குறைந்தது. மாண்டவரும் கப்பலேறியவரும் பெரும்பாலும் ஐரிஷ் பேசிய ஏழை உழவர். பெயரைச் சரியாக ஒலிக்கக் கேட்பதற்குரிய காலம் அத்துடன் சுருங்கிற்று.

பெயர்க்கப்பட்டவையும் மாற்றப்பட்டவையும்

எல்லாப் பெயர்களும் ஒலிவழி ஆங்கிலமானவை அல்ல. ஸ்வின்ஃபோர்ட் பொருள்வழிப் பெயர்க்கப்பட்டது. 'பேல் ஆஹா ந மிக்கெ', பன்றித் துறைவாய் என்பதில் 'வாய்' விடுபட்டது. ஃபாக்ஸ்ஃபோர்ட் என்பதும் அதுபோல 'நரித்துறை' என்றே தோன்றும். அதன் ஐரிஷ் பெயரோ 'பேல் அசா', அருவிவாய். அதில் நரியும் இல்லை, துறையும் இல்லை. காசில்பார் ('கஷ்லான் அன் வாரி', பாரி குடியினரின் கோட்டை) பாதி மொழிபெயர்ப்பு, பாதி ஒலிபெயர்ப்பு. வெஸ்ட்போர்ட் 18ஆம் நூற்றாண்டில் நிலவுடைமைக் குடும்பம் ஒன்று திட்டமிட்டு அமைத்த நகரம். ஐரிஷில் அது இன்றும் 'கஹிர் ந மார்த்', அதாவது மாடுகளின் கல்லரண். லூயிஸ்பர்க், 1758இல் பிரித்தானியர் கைப்பற்றிய வட அமெரிக்கக் கோட்டை ஒன்றின் பெயரைத் தாங்கியது.

இவற்றுள் சார்லஸ்டவுன் எனக்கு மிகவும் சுவையானதாகத் தோன்றுகிறது. 1840களில் டில்லன் பிரபுவின் நிலக் காரியக்காரராயிருந்த சார்லஸ் ஸ்டிரிக்லண்ட் நிறுவிய இவ்வூருக்கு ஆங்கிலப் பெயரே மூலம். அதன் ஐரிஷ் வடிவம் 'பாலெ ஃகஹில்'. சார்லஸ் என்பதற்கு ஈடாகக் 'கஹல்' என்னும் ஐரிஷ் பெயரை வழங்கும் மரபு உண்டு. அவ்விரு பெயர்களுக்கும் சொற்பிறப்புத் தொடர்பு ஏதுமில்லை. ஆகவே சாலைப் பலகையில் மேலே சாய்வெழுத்தில் உள்ள ஐரிஷ் வடிவம் எப்போதும் மூத்தது எனக் கருதுவதும் பிழையாகும்.

ஊர்நிலமும் பங்கும்

தனிப்பெயர்களைவிடப் பொதுச்சொற்களில்தான் தமிழ் மொழிபெயர்ப்பு பெரிதும் தடுமாறுகிறது. அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவுக்கு ஆங்கிலத்தில் 'டவுன்லாண்ட்' என்று பெயர். நாடு முழுவதும் அறுபதினாயிரத்துக்கு மேலும், மேயோவில் மட்டும் மூவாயிரத்துக்கு மேலும் உள்ளன. பரப்பு ஓர் ஏக்கருக்கும் குறைவானது முதல் ஏழாயிரம் ஏக்கருக்கு மேற்பட்டது வரை வேறுபடும். இவற்றில் நகரம் எதுவும் இருக்க வேண்டுவதில்லை. வீடே இல்லாதனவும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் சிறுகதை ஒன்றைப் பெயர்த்தபோது இக்கட்டுரையாளர் இச்சொல்லை 'நகர்ப்புற நிலம்' என்று எழுதினார். ஆட்டு மந்தை மேயும் சதுப்பு நிலம் ஒன்று அவ்வாறு நகரமாயிற்று.

பிழை ஆங்கிலச் சொல்லில் தொடங்குகிறது. ஐரிஷில் இதற்குப் 'பாலெ ஃபாரன்', அதாவது நிலத்தின் பாலெ என்று பெயர். பாலெ முதலில் ஒரு குடும்பத்தின் நிலத்தையும் குடியிருப்பையும் சேர்த்துக் குறித்தது. ஆங்கிலம் அதனை 'நகரம்' என்று பெயர்த்தமையால் பொருள் திரிந்தது. சிற்றூரை ஐரிஷ் 'தெருப்பாலெ' என்றும், நகரத்தைப் 'பெரிய பாலெ' என்றும் கூறும். 'வீட்டுக்குப் போகிறேன்' என்பதற்குரிய 'அவாலெ' என்னும் சொல்லிலும் இதே பாலெ உள்ளது. குடியிருப்பு எத்துணைச் சிறியதாயினும் பெரியதாயினும் பொருந்தி, 'ஊருக்குப் போகிறேன்' என்னும்போது ஒருவர் தமக்குரிய இடத்தையும் குறிக்கும் தமிழ்ச்சொல் 'ஊர்'. பாலெக்கு ஆங்கிலத்தில் இல்லாத நேர்ச்சொல் தமிழில் இருக்கிறது. ஆகவே 'ஊர்நிலம்' என்னும் ஆக்கத்தைப் பரிந்துரைக்கிறேன்.

ஊர்நிலங்கள் பல சேர்ந்தது பங்கு. தமிழ்க் கத்தோலிக்கரிடையே நெடுநாள் வழங்கும் இச்சொல்லையே கொள்ளலாம். ஆனால் அயர்லாந்தில் பங்கு இருவகைப்படும். இடைக்காலத் திருச்சபையின் பங்குகளைப் பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்திற்குப்பின் அரசுசார் திருச்சபை தனதாக்கிக்கொண்டது. அவ்வெல்லைகளை நில அளவையும் வரிப்பதிவும் ஏற்றுக்கொண்டமையால் அவை 'குடிமைப் பங்கு' ஆயின. கத்தோலிக்கர் பிற்காலத்தில் தம் வழிபாட்டு வசதிக்கேற்பப் பங்குகளை இணைத்துப் புதிதாக வகுத்துக்கொண்டனர். காசில்பார் கத்தோலிக்கப் பங்கு அக்லிஷ், பாலிஹீன், ப்ரேஃபி என்னும் மூன்று குடிமைப் பங்குகளின் சேர்க்கை. 'காசில்பார்' என்னும் பெயரில் குடிமைப் பங்கு இல்லை. அந்நகர் அக்லிஷில் உள்ளது. அக்லிஷ் என்பதற்குத் 'திருச்சபை' என்பதே பொருள். கில்காமன் என்னும் பெயரிலோ மேயோவிலேயே இரு குடிமைப் பங்குகள் உள. மூதாதையர் பதிவுகளைப் பெயர்ப்போர் எப்பங்கு என்பதைக் கூறாது விட்டால் படிப்போர் வேறு ஊருக்குச் செல்வர்.

பெயர் தேர்தல்

2003ஆம் ஆண்டின் அலுவல் மொழிகள் சட்டத்தின்கீழ்ப் பிறப்பிக்கப்பட்ட ஆணை 2005 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தபோது, ஐரிஷ் வழங்கும் பகுதிகளில் ஆங்கில ஊர்ப்பெயர்கள் சட்டத் தகுதியை இழந்தன. மேயோவில் எரிஸ், அகில், டூர்மகீடி ஆகிய வட்டாரங்களில் இத்தகைய பகுதிகள் உள்ளன. கெரி மாவட்டத்து டிங்கில் நகரத்தார் இதனை ஏற்கவில்லை. 2006இல் ஊரார் வாக்கெடுப்பு நிகழ்ந்தது; 2011இல் சட்டத்திருத்தத்தால் ஆங்கிலப் பெயர் மீண்டது. ஐரிஷ் மூலத்திற்குத் திரும்புவதே என்றும் ஊரார் விருப்பம் எனக் கொள்ள முடியாது என்பதற்கு இது சான்று. 2008 முதல் அரசின் இடப்பெயர்த் தரவுத்தளம் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைப்பதால், மூலத்தை அறியாமைக்கு இனிக் காரணம் கூற இயலாது.

மொழிபெயர்ப்பில் நான் கொள்ளும் முறை இது. கதைமாந்தர் ஆங்கிலம் பேசினால், உள்ளூரார் ஒலிக்கும் ஆங்கிலப் பெயரை எழுதுகிறேன். ஐரிஷ் பேசினாலோ மூல நூல் ஐரிஷில் அமைந்தாலோ ஐரிஷ் ஒலிப்பைத் தருகிறேன். பெயரின் பொருள் கதைக்கு இன்றியமையாததாயின் முதல் வரவில் மட்டும் தமிழில் விளக்குகிறேன், பெயரையே தமிழாக்குவதில்லை. பாலினாவைத் 'துறைவாய்' என்று எழுதினால் அது மோய்க் கரையிலிருந்து பெயர்ந்து பொருநைக் கரைக்கு வந்துவிடும்.

விதிக்கு அடங்காத பெயர் ஒன்று உண்டு. அது மாவட்டத்தின் பெயரே. 1869இல் இந்தியாவின் வைசிராயாகப் பொறுப்பேற்று 1872இல் போர்ட் பிளேயரில் கொலையுண்ட மேயோ பிரபுவின் பட்டம் இம்மாவட்டத்திலிருந்து வந்தது. அஜ்மீரில் கல்லூரியாகவும் பெங்களூரில் மண்டபமாகவும் நிற்கும் அப்பெயர் தமிழிலும் 'மேயோ' என வேரூன்றிவிட்டது. ஐரிஷில் பேசும் முதியவர் ஒருவர் வாயிலும் அதனை 'மை ஓ' என்று எழுத எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.